ஜேசிபியில் ஏறும் முன்: நெல்லைச் சீமையில் இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு

நெல்லைப் பக்கத்தில் ஜேசிபி ஓட்டப் பழகுவது பெரிய காரியமில்லை. ஏதாவது ஒரு வண்டியில் கிளீனராகச் சேர்ந்து, கிரீஸ் அடித்து, டீசல் கேன் சுமந்து, ஆபரேட்டர் சாப்பிடப் போகிற நேரத்தில் லீவரைப் பிடித்துப் பார்த்தே பலர் பழகியிருக்கிறார்கள். திண்டாட்டம் அதற்குப் பிறகுதான் ஆரம்பிக்கிறது. எந்த உரிமம் வேண்டும், எந்தத் தாளை யாரிடம் கேட்க வேண்டும், எந்த மண்ணை எவ்வளவு ஆழம் வரை நம்பலாம், எந்த வேலையை மறுக்க வேண்டும் என்று கேட்டால் ஆளுக்கு ஒரு பதில் சொல்வார்கள். உரிமத்துக்காக அலைந்தபோது ஒரே அலுவலகத்தில், அடுத்தடுத்த ஜன்னல்களில், எனக்கு வேறு வேறு பதில்கள் கிடைத்தன. அப்படிக் கேட்டும் அலைந்தும் தெரிந்துகொண்டதை வரிசையாக எழுதுகிறேன். நீங்களாவது அலையாமல் இருக்க வேண்டும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வேலையிடத்தில் ஒருவர் இறந்தால் காவல் நிலையத்தில் முதலில் எழுதப்படுவது பெரும்பாலும் ஆபரேட்டரின் பெயர்தான். கவனக்குறைவால் மரணம் விளைவிப்பதற்கு, 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 106-ஆம் பிரிவு ஐந்து ஆண்டுகள் வரை சிறை என்கிறது. பழைய சட்டத்தில் இது இரண்டு ஆண்டுகளாக இருந்தது. முதலாளி அவசரப்படுத்தினார், மேஸ்திரி தோண்டச் சொன்னார் என்பதெல்லாம் பிறகு வழக்கறிஞர் பேசுகிற பேச்சு. லீவர் உங்கள் கையில் இருந்தது என்பதுதான் வழக்கில் நிற்கும். ஆகவே வண்டியை நிறுத்தும் முடிவும் உங்களுடையதாகவே இருக்கட்டும். அதை யாருக்கும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

1. டயர் வண்டியா, செயின் வண்டியா?

முன்னால் அகலமான பக்கெட்டும் பின்னால் தோண்டும் கையும் கொண்ட டயர் வண்டியைத்தான் நம் ஊரில் ஜேசிபி என்கிறோம், எந்த நிறுவனம் செய்ததாக இருந்தாலும். எடை ஏறக்குறைய ஏழரை டன். நாலரை மீட்டருக்குச் சற்று அதிகமாகத் தோண்டும். அதன் பின் கை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் வரை அரைவட்டம்தான் திரும்பும். செயினில் நகர்ந்து முழுவட்டம் சுற்றும் வண்டியை ஹிட்டாச்சி என்றோ பொக்லைன் என்றோ சொல்கிறோம். குளம் தூர்வாரவும் கல்குவாரியிலும் ஓடுவது பெரும்பாலும் இருபது டன் செயின் வண்டி.

புதியவர்கள் டயர் வண்டியில் தொடங்குவதே நல்லது. வீட்டு அஸ்திவாரம், குழாய்ப் பள்ளம், வாழைத் தோட்டத்து வாய்க்கால் என்று ஊருக்குள்ளேயே வேலை கிடைக்கும், உரிமம் எடுக்கவும் வழி தெளிவாக இருக்கிறது. செயின் வண்டிக்கு மாறும்போது ஒரு புது ஆபத்தைக் கற்க வேண்டும்: நீங்கள் முன்னால் பக்கெட்டைப் பார்த்துத் திருப்புகிறபோது, பின்னால் இருக்கும் எடைப் பகுதியும் சேர்ந்து சுற்றும். அதற்கும் ஒரு சுவருக்கும் நடுவில் ஆள் நின்றால் தப்ப இடமில்லை.

2. உரிமம்: வரிசையும் செலவும்

கார் ஓட்டும் உரிமம் போதும் என்று பலர் சொல்வார்கள். நம்பாதீர்கள். ஜேசிபியைக் கட்டுமானக் கருவி வாகனம் என்று மோட்டார் வாகன விதிகள் தனியாக வகைப்படுத்துகின்றன. உங்கள் உரிமத்தில் அந்த வகை ஏறியிருக்க வேண்டும். விண்ணப்பத்தில் லோடர், எக்ஸ்கவேட்டர் என்று தனித்தனி வகைகள் வரும். நீங்கள் ஓட்டப்போகிற வண்டியின் ஆர்சி புத்தகத்தில் எந்த வகை எழுதியிருக்கிறது என்று பார்த்து, அதையே தேர்ந்தெடுங்கள். பொருத்தமில்லாத வகையைத் தேர்ந்தெடுத்தால் சோதனை நாளில் திருப்பி அனுப்புவார்கள், கட்டிய பணமும் போகும்.

வயது 18 நிறைந்திருக்க வேண்டும். பரிவாகன் இணையதளத்தின் சாரதி பக்கத்தில் எல்எல்ஆருக்கு, அதாவது பழகுநர் உரிமத்துக்கு, விண்ணப்பியுங்கள். ஆதார், வயதுச் சான்று, முகவரிச் சான்று, புகைப்படம், உடல்நிலை பற்றிய உறுதிமொழிப் படிவம் வேண்டும். 40 வயதைத் தாண்டியவர்களுக்கு மருத்துவரின் சான்றும் வேண்டும். ஆதாரில் ஒரு முகவரியும் மற்ற தாளில் இன்னொரு முகவரியும் இருந்தால் அதை முதலில் சரிசெய்யுங்கள். மேற்கொண்டு எல்லாம் நின்றுபோவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

எல்எல்ஆருக்கு ஒரு வகைக்கு 150 ரூபாய், அதன் தேர்வுக்கு 50 ரூபாய், ஓட்டிக்காட்டும் சோதனைக்கு 300 ரூபாய், புதிய உரிமத்துக்கு 200 ரூபாய். ஏற்கெனவே பைக் அல்லது கார் உரிமம் வைத்திருப்பவர்கள் புது வகையைச் சேர்க்க 500 ரூபாய். இவை மத்திய விதிகள் சொல்லும் கட்டணங்கள், சேவைக் கட்டணம் தனி. எல்எல்ஆர் ஆறு மாதம் செல்லும். அது கைக்கு வந்து 30 நாள் கழிந்த பிறகே ஓட்டிக்காட்டும் சோதனைக்குப் போக முடியும். ஆக, நாளை வேலை இருக்கிறது, இன்று உரிமம் எடுத்துத் தருகிறேன் என்று ஒரு ஏஜெண்ட் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். அந்த 30 நாளைக் குறைக்க யாராலும் முடியாது.

உண்மையான முடிச்சு வேறு இடத்தில் இருக்கிறது. சோதனைக்கு அந்த வகை வண்டியை நீங்களே கொண்டுபோக வேண்டும். கார் என்றால் ஓட்டுநர் பள்ளி தரும். ஜேசிபியை யார் தருவார்? மணிக்கு ஆயிரம் ரூபாய்க்கு மேல் வாடகை ஓடுகிற வண்டியை ஒரு காலை முழுக்க ஆர்டிஓ அலுவலக மைதானத்தில் நிறுத்தி வைக்க எந்த முதலாளிக்கும் மனம் வராது. கிளீனராகச் சேரும் நாளிலேயே இதைப் பேசிவிடுங்கள். "அண்ணாச்சி, ஆறு மாதத்தில் எனக்கு உரிமச் சோதனை வரும். ஒரு காலை வண்டியைத் தர வேண்டும். டீசல் செலவு என்னுடையது" என்று முன்கூட்டிச் சொன்னால் பெரும்பாலும் சம்மதிக்கிறார்கள். கொண்டுபோகும் வண்டியின் ஆர்சி, இன்சூரன்ஸ், புகைச் சான்று மூன்றும் அன்றைய தேதியில் உயிரோடு இருக்க வேண்டும். முதல் நாளே பார்த்துக்கொள்ளுங்கள். மழைக்காலமான ஐப்பசி, கார்த்திகையில் தேதி வாங்குவது எளிது என்பது என் அனுபவம். அப்போது வண்டிகளுக்கும் வேலை குறைவு, முதலாளியும் எளிதில் தருவார்.

உரிமம் இல்லாமல் சாலையில் ஓட்டினால் 5,000 ரூபாய் அபராதம். ஓட்டக் கொடுத்த முதலாளிக்கும் அதே தொகை. அபராதம்கூடப் பெரிதில்லை. விபத்து நடந்தால், உரிமம் இல்லாத ஆள் ஓட்டினார் என்ற காரணத்தைக் காட்டி, இழப்பீட்டுத் தொகையை இன்சூரன்ஸ் நிறுவனம் முதலாளியிடமே வசூலிக்கப் போகும். முதலாளி யாரிடம் வருவார் என்று சொல்லத் தேவையில்லை.

3. பயிற்சி

தனியார் பயிற்சி நிலையங்கள் தரும் சான்றிதழ் ஓட்டுநர் உரிமம் ஆகாது. இரண்டையும் குழப்பிப் பணம் வாங்குகிற இடங்கள் இருக்கின்றன. சேரும் முன் ஒரே கேள்வி கேளுங்கள்: இருக்கையில் நான் மட்டும் உட்கார்ந்து எத்தனை மணி நேரம் ஓட்டுவேன்? அதை எழுதித் தரச் சொல்லுங்கள். கட்டணத்தை அந்த மணிக் கணக்கால் வகுத்துப் பாருங்கள். பத்துப் பேர் சுற்றி நின்று ஒருவர் ஓட்டுவதை வேடிக்கை பார்க்கிற வகுப்புக்குப் பணம் கட்டுவதைவிட, நல்ல ஆபரேட்டரிடம் கிளீனராக இருப்பது மேல்.

பணம் கட்டும் முன் மாவட்டத் திறன் பயிற்சி அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். தமிழ்நாடு திறன் மேம்பாட்டுக் கழகத்தின் இலவசப் பயிற்சிகள் அவ்வப்போது அறிவிக்கப்படுகின்றன. கட்டுமானக் கருவிகளுக்கென்று தேசிய அளவில் ஒரு திறன் குழுமமே இருக்கிறது. அது தரும் ஆபரேட்டர் சான்றிதழைப் பெரிய ஒப்பந்த நிறுவனங்களும் வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுப்பவர்களும் கேட்கிறார்கள்.

கல்குவாரிக்குப் போகிறவர்களுக்கு வழி வேறு. குவாரி சுரங்கங்களுக்கான சட்ட விதிகளின் கீழ் வருகிறது. அங்கே சேரும் முன் சுரங்கத் தொழில் பயிற்சியும் மருத்துவப் பரிசோதனையும் முடித்திருக்க வேண்டும். இரண்டுக்கும் ஏற்பாடு செய்ய வேண்டியது குவாரி நிர்வாகம். 2022 மே மாதம், முன்னீர்பள்ளம் அருகே அடைமிதிப்பான்குளம் குவாரியில் நள்ளிரவில் பாறை சரிந்து விழுந்தபோது ஆறு பேர் சிக்கினார்கள். நான்கு பேர் பிழைக்கவில்லை. செங்குத்தாக அறுத்த பாறைச் சுவரின் அடியில், இரவில், கீழிருந்தபடி வண்டி ஓட்டச் சொல்லும் குவாரியில் சம்பளம் எவ்வளவு கூடுதலாக இருந்தாலும் சேராதீர்கள். படிப்படியாக மேலிருந்து கீழே வெட்டி இறங்கியிருக்கிறார்களா என்று பகல் வெளிச்சத்தில் ஒரு முறை நின்று பார்த்தாலே தெரிந்துவிடும்.

4. முதலாளியிடம் பார்க்க வேண்டிய தாள்கள்

புது வேலைக்குச் சேருகிறவன் தாள் கேட்டால் என்ன நினைப்பார்களோ என்று கூச்சப்படாதீர்கள். வண்டி எண்ணை எம்பரிவாகன் செயலியில் போட்டால் பதிவும் இன்சூரன்ஸ் தேதியும் தெரிந்துவிடும். யாரையும் கேட்காமலே பார்க்கலாம்.

செயலியில் தெரியாத ஒன்றை மட்டும் கேட்டே ஆக வேண்டும்: இன்சூரன்ஸ் பாலிசியின் உள்பக்கம். சாலையில் ஓடும்போது நடக்கும் விபத்துக்கு மட்டும் பாலிசி எடுத்து வைத்திருப்பவர்கள் நிறைய. வண்டி நின்று தோண்டும்போது, அதாவது ஒரு கருவியாக வேலை செய்யும்போது, கவிழ்ந்தாலோ பிறருக்குச் சேதம் வந்தாலோ அதற்குக் கூடுதல் பிரீமியம் கட்டியிருக்க வேண்டும். நம் வேலையில் பத்தில் ஒன்பது பங்கு நேரம் நின்றுதான் தோண்டுகிறோம். ஓட்டுநருக்கான காப்பும் அதே பாலிசியில் ஒரு வரியாக இருக்கும். அந்தப் பக்கத்தைக் கைபேசியில் படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள்.

சம்பளம், பேட்டா, விபத்துக்கு மருத்துவச் செலவு யாருடையது என்ற மூன்றையும் ஒரு வாட்ஸ்அப் செய்தியாகவாவது வாங்கி வையுங்கள். வாய்ப்பேச்சு ஆறு மாதத்தில் மாறிவிடும்.

5. காலைச் சோதனை

எஞ்சினைக் கிளப்பும் முன் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வாருங்கள். எஞ்சின் ஆயில், ரேடியேட்டர் தண்ணீர், ஹைட்ராலிக் ஆயில், டீசல் வடிகட்டியில் தங்கிய தண்ணீர், டயர் காற்று, பக்கெட் பற்கள், மூட்டுகளில் உள்ள இரும்புப் பின்களைப் பிடிக்கும் கிளிப்புகள், ஹாரன், பின்னோக்கி வரும்போது ஒலிக்கும் அலாரம், கண்ணாடிகள். பின்களுக்குத் தினமும் கிரீஸ். இதில் அவசரம் காட்டினால் செலவு முதலாளிக்கு, உயிர் ஆபத்து உங்களுக்கு.

ஹைட்ராலிக் குழாய்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அவற்றுக்குள் ஆயில் 200 பாருக்கு மேற்பட்ட அழுத்தத்தில் ஓடுகிறது. ஊசிமுனை அளவு ஓட்டை விழுந்தாலும் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய பீச்சலாக வரும். எங்கே ஒழுகுகிறது என்று கையால் தடவினால் அந்த ஆயில் தோலைத் துளைத்துச் சதைக்குள் போய்விடும். வெளியே சின்னப் புள்ளிதான் தெரியும், வலிகூட முதலில் பெரிதாக இருக்காது. சில மணி நேரத்தில் உள்ளே சதை அழுகத் தொடங்கும். விரலையோ கையையோ எடுக்க வேண்டிய நிலை வரும். ஒழுக்கை ஓர் அட்டைத் துண்டை நீட்டிப் பாருங்கள், கையை நீட்டாதீர்கள். ஆயில் குத்திவிட்டால் மஞ்சள் பற்று, ஆயின்மெண்ட் என்று வீட்டில் உட்காராமல் உடனே பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரி போன்ற அறுவைச் சிகிச்சை வசதியுள்ள இடத்துக்குப் போங்கள். "ஹைட்ராலிக் ஆயில் அழுத்தத்தோடு உள்ளே போயிருக்கிறது" என்று மருத்துவரிடம் அதே வார்த்தைகளில் சொல்லுங்கள். சாதாரண வெட்டுக்காயம் என்று தையல் போட்டு அனுப்பிவிடக் கூடாது.

ஏறும்போதும் இறங்கும்போதும் வண்டியைப் பார்த்தபடி, இரு கையும் ஒரு காலுமோ இரு காலும் ஒரு கையுமோ எப்போதும் பிடிமானத்தில் இருக்கட்டும். உட்கார்ந்ததும் சீட் பெல்ட். வண்டி கவிழும்போது வெளியே குதிப்பவர்கள்தான் அதன் அடியில் சிக்குகிறார்கள். கேபின் உங்களைக் காக்கும்படி கட்டப்பட்டது. பெல்ட் போட்டு உள்ளேயே இருந்தால்தான் அது காக்கும்.

6. தோண்டும் முன் நிலத்தை விசாரியுங்கள்

கீழே என்ன போகிறது? கூட்டுக் குடிநீர்க் குழாய், பாதாளச் சாக்கடை, மின் கேபிள், தொலைபேசி இழை எல்லாம் நம் சாலையோரங்களில் மேலும் கீழுமாகக் கிடக்கின்றன. 2023 மார்ச்சில் மத்திய அரசு 'கால் பிஃபோர் யு டிக்' என்ற செயலியைத் தொடங்கியது. தோண்டுகிற ஒப்பந்தக்காரர் அதில் இடத்தைக் குறித்தால், அங்கே குழாயோ கேபிளோ வைத்திருக்கும் நிறுவனங்களுக்குத் தகவல் போகும். ஒப்பந்தக்காரரிடம் அதைச் செய்தாரா என்று கேளுங்கள். அதோடு நிற்காமல், ஊராட்சியில் தண்ணீர் திறந்துவிடும் ஆளைத் தேடிப் பிடியுங்கள். எந்த வரைபடத்திலும் இல்லாத குழாய் அவருக்குத் தெரியும். ஒரு தேநீர் வாங்கிக் கொடுத்து, "அண்ணாச்சி, இந்த வழியாகக் குழாய் ஏதும் போகிறதா?" என்று கேட்பதைவிட மலிவான பாதுகாப்பு இந்தத் தொழிலில் இல்லை. கேபிள் இருக்கும் என்று தெரிந்த இடத்தில் முதலில் கையால் ஒரு குழி வெட்டிப் பார்த்த பிறகே பக்கெட். தோண்டும்போது திடீரென்று மணலோ, வரிசையாகச் செங்கலோ, எச்சரிக்கை நாடாவோ வந்தால் உடனே நிறுத்துங்கள். அடியில் கேபிள் கிடக்கிறது என்பதற்கு அதுதான் அடையாளம்.

மேலே என்ன போகிறது? வள்ளியூர், பணகுடி, ராதாபுரம் பக்கம் காற்றாலைகளிலிருந்து வரும் உயர் அழுத்தக் கம்பிகள் வயல்களுக்கு நடுவே போகின்றன. அவை தாழ்வாகத் தொங்கும் இடங்கள் உண்டு. பூமை, அதாவது தோண்டும் கையை, முழுதாகத் தூக்கினால் எவ்வளவு உயரம் போகும் என்பது உங்கள் நாக்கு நுனியில் இருக்க வேண்டும். 11, 33 கிலோவோல்ட் கம்பிகளிலிருந்து பூமின் எந்தப் பகுதியும் குறைந்தது மூன்று மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். கோபுரங்களில் போகும் பெரிய கம்பிகளுக்கு அதைப் போல் இரண்டு மடங்குக்கு மேல். அந்த இடைவெளி இல்லையென்றால் மின்தடை வாங்காமல் வேலை தொடங்காதீர்கள். மின் வாரியத்தின் உதவிப் பொறியாளரிடம் எழுதிக் கேட்க வேண்டும். இதற்கு ஒரு வாரமாவது ஆகும் என்று ஒப்பந்தக்காரரிடம் முன்னதாகவே சொல்லி வையுங்கள். அவசரத்துக்கு மின் வாரியத்தின் புகார் மையமான மின்னகம் எண் 94987 94987.

மண் எப்படிப்பட்டது? நெல்லைச் சீமையில் ஒரு மணி நேரப் பயணத்தில் நான்கு விதமான மண் வந்துவிடும். மானூர், கயத்தாறு, சங்கரன்கோவில் பக்கத்துக் கரிசல் கோடையில் பாறைபோல் நிற்கும். ஆனால் அதற்குள் ஆழமான வெடிப்புகள் ஓடுகின்றன. பள்ளத்தின் சுவர் அந்த வெடிப்பு வழியாக முழுப் பாளமாகப் பெயர்ந்து விழும். மழை பெய்தால் டயர் அரை அடி புதையும், தோண்டும்போது வண்டியைத் தாங்கப் பக்கத்தில் இறக்கும் தாங்கு கால் ஒரு பக்கமாக இறங்கும். திசையன்விளை, உவரிப் பக்கத்துத் தேரி மணல் எந்தச் செங்குத்துச் சுவரையும் தாங்காது. எவ்வளவு ஆழமோ அதைவிட அகலமாகச் சரித்து வெட்ட வேண்டும். அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி ஆற்றோர வயல்களில் மேலே மண் உறுதியாகத் தோன்றினாலும் ஓர் ஆள் மட்டத்துக்குக் கீழே ஊற்று எடுத்து அடிமண்ணைக் கரைத்துவிடும். சரளைச் செம்மண் நம்மை அதிகம் ஏமாற்றுகிறது. வெட்டும்போது இரும்பாக நிற்கும், மறுநாள் வெயிலில் காய்ந்ததும் கட்டி கட்டியாக உதிரும். 2023 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு குளக்கரைகளை அடைக்கப் போன வண்டிகள் நின்ற இடமெல்லாம் ஊறிய மண். வெள்ளம் வடிந்த கரையில் மேல்புறம் காய்ந்திருப்பதைப் பார்த்து வண்டியை ஏற்றக் கூடாது. ஒரு கம்பியைக் குத்திப் பாருங்கள், கால் மீட்டருக்குக் கீழே சேறு இருக்கும்.

எந்த மண்ணானாலும் ஒரே எல்லை: பள்ளம் ஒன்றரை மீட்டரைத் தாண்டினால் சுவருக்குத் தாங்கு பலகை அடிக்க வேண்டும் அல்லது சரித்து வெட்ட வேண்டும். தோண்டிய மண்ணைப் பள்ளத்தின் விளிம்பிலிருந்து குறைந்தது ஒன்றரை மீட்டர் அல்லது பள்ளத்தின் ஆழத்தில் பாதி, இரண்டில் எது அதிகமோ அவ்வளவு தள்ளிக் கொட்ட வேண்டும். இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஐஎஸ் 3764 சொல்வது இது. கன மீட்டர் ஈர மண் ஒன்றரை டன்னுக்கு மேல் எடை. மார்பளவு புதைந்த மனிதன் தலை வெளியே இருந்தும் மூச்சு விட முடியாமல் இறந்துபோவான். குழாய் பதிக்க ஆளை உள்ளே இறக்கப்போகிறார்கள் என்றால் ஏணி இருக்கிறதா, பலகை இருக்கிறதா என்று கேட்கும் உரிமை தோண்டியவருக்கு உண்டு. கேளுங்கள்.

7. தோண்டும்போது

டயர் வண்டியில் பின் கையால் தோண்டும் முன் இரு தாங்கு கால்களையும் இறக்கி, முன் பக்கெட்டைத் தரையில் அழுத்தி, வண்டியை மட்டமாக்குங்கள். கால் இறங்கும் இடம் இளகியிருந்தால் கனமான மரப்பலகை வையுங்கள். செயின் வண்டியை விளிம்புக்கு நேராக நிறுத்துங்கள், பக்கவாட்டில் வேண்டாம். செயினை ஓட்டும் பல்சக்கரம் பின்பக்கம் இருக்கட்டும். விளிம்பு சரியத் தொடங்கினால் நேராகப் பின்னுக்கு வந்துவிடலாம். சரிவான இடத்தில் மண்ணை மேட்டுப் பக்கமே கொட்டுங்கள். நிறைந்த பக்கெட்டைப் பள்ளப் பக்கம் வேகமாகத் திருப்பினால் வண்டி கவிழ அதுவே போதும்.

வண்டியின் கை எட்டும் தூரம் முழுவதையும் கயிறு கட்டி ஒதுக்குங்கள். அதற்குள் யார் வந்தாலும் பக்கெட்டைத் தரையில் இறக்கிவிட்டு, கையை லீவரிலிருந்து எடுத்துவிடுங்கள். சைகை காட்ட ஒரே ஓர் ஆள்தான் இருக்க வேண்டும். இரண்டு பேர் சைகை காட்டினால் ஒருவரை உட்காரச் சொல்லுங்கள். ஆனால் 'நிறுத்து' என்று யார் கை காட்டினாலும், சிறுவன் காட்டினாலும், நிறுத்த வேண்டும். சைகை காட்டுகிறவர் உங்கள் பார்வையிலிருந்து மறைந்த கணமே வேலை நின்றாக வேண்டும். கூச்சல் போடுவார்கள், மணிக்கு வாடகை ஏறுகிறது என்பார்கள். அவர் எங்கே நிற்கிறார் என்று தெரிந்த பிறகே அடுத்த அசைவு.

ஊருக்குள் வேலை என்றால் பிள்ளைகள் கூடிவிடுவார்கள். விரட்டினால் சுற்றிக்கொண்டு பின்பக்கம் வருவார்கள். வீட்டுக்காரரிடம் சொல்லி ஒரு பெரியவரைக் காவலுக்கு நிறுத்தச் சொல்லுங்கள், அவர் வரும்வரை தொடங்காதீர்கள். டிப்பரில் ஏற்றும்போது அதன் ஓட்டுநர் இறங்கி, நீங்கள் பார்க்கும் இடத்தில் தள்ளி நிற்கட்டும்; பக்கெட் டிப்பரின் கேபினுக்கு மேலே ஒருபோதும் போகக் கூடாது. ஆனி, ஆடியில் பணகுடிக் காற்று புழுதியை வாரிக் கண்ணாடியில் அடிக்கும்போது எதிரே நிற்கும் ஆள் தெரியாது. அந்த நாட்களில் தண்ணீர் தெளித்துவிட்டுத் தோண்டுவது, அல்லது காற்று எழும் முன் விடியலில் தொடங்குவது. கத்திரி வெயிலில் மதியம் பன்னிரண்டிலிருந்து மூன்று வரை ஓய்வு எடுங்கள். களைத்த கண்ணுக்குத் தூரம் சரியாகத் தெரியாது. பதநீர் கிடைக்கிற காலம் அது, வேண்டிய மட்டும் குடியுங்கள்.

8. மறுக்க வேண்டிய வேலைகள்

கோயில் கொடைக்குச் சீரியல் விளக்குக் கட்ட, தலைவருக்கு மாலை போட, பக்கெட்டில் ஆளை ஏற்றித் தூக்கச் சொல்வார்கள். அன்போடும் கேட்பார்கள், அதட்டியும் கேட்பார்கள். ஒரு ஹைட்ராலிக் குழாய் வெடித்தால் பக்கெட் கவிழும். மேலே இருப்பவருக்குப் பிடிக்க ஒன்றும் கிடையாது. மறுத்துவிடுங்கள். ஊர் கோபித்துக்கொண்டாலும் அடுத்த கொடைக்குள் சரியாகிவிடும்.

பழைய கிணற்றின் ஓரத்தில் வண்டியை நிறுத்தி ஆழப்படுத்துவது, பக்கெட் பல்லில் சங்கிலி மாட்டிக் கனத்த சிமெண்டுக் குழாயைத் தூக்குவது, விரிசல் விட்ட சுவரை அடியில் தோண்டிச் சாய்ப்பது ஆகியவையும் அதே பட்டியல்.

தாள் இல்லாத மண் வேலையும் அப்படித்தான். குளத்து வண்டல் மண்ணை விவசாயிகள் இலவசமாக எடுக்க வட்டாட்சியரே அனுமதி தரும் முறை 2024-இல் வந்தது. அந்த ஆணையில் எந்தக் குளம், எவ்வளவு, எந்தத் தேதி வரை என்று எழுதியிருக்கும். ஆணையைக் கண்ணால் பார்த்துப் படம் எடுத்த பிறகே பக்கெட்டை இறக்குங்கள். "அனுமதி வந்துகொண்டிருக்கிறது" என்பது அனுமதி ஆகாது. இரவில் ஆற்றோரம், ஓடைக்குள் மணல் வேலை என்று கூடுதல் பேட்டா பேசினால் போகவே போகாதீர்கள். கனிமச் சட்டத்தில் ஐந்து ஆண்டுகள் வரை சிறை உண்டு. பிடிபடும்போது வண்டியில் உட்கார்ந்திருப்பது நீங்கள் மட்டும்தான்.

9. சாலையில்

பின் கையை மடக்கி, பூமுக்கும் திருப்பத்துக்கும் உரிய பூட்டுப் பின்களைப் போடுங்கள். தாங்கு கால்களை முழுதாகத் தூக்கிப் பூட்டுங்கள். இரண்டு பிரேக் பெடல்களையும் ஒன்றாக இணைக்கும் கொக்கியை மாட்டுங்கள். மாட்டாமல் ஒரு பெடலை மட்டும் அழுத்தினால் ஒரு பக்கச் சக்கரம் மட்டும் நின்று வண்டி சுழன்றுவிடும். முன் பக்கெட் தரையிலிருந்து சற்றே உயர்ந்து, பார்வையை மறைக்காமல் இருக்கட்டும். செயின் வண்டி டிரெய்லரில்தான் போக வேண்டும்.

10. விபத்து நடந்துவிட்டால்

பூம் மின்கம்பியில் பட்டால் கேபினை விட்டு இறங்காதீர்கள். சுற்றி நிற்பவர்களை விலகச் சொல்லிக் கத்துங்கள். முடிந்தால் பூமைக் கம்பியிலிருந்து விலக்குங்கள். மின்சாரம் நிறுத்தப்பட்டது என்று மின் ஊழியர் வந்து சொல்லும்வரை உள்ளேயே இருங்கள். வண்டி தீப்பிடித்தால் மட்டும், இரு பாதங்களையும் சேர்த்து வைத்து, வண்டியைத் தொடாமல் வெளியே குதியுங்கள். ஒரு கை வண்டியிலும் ஒரு கால் தரையிலும் இருந்தால் மின்சாரம் உடல் வழியாக ஓடும். குதித்த பிறகும் ஓடாதீர்கள். பாதங்களைச் சேர்த்தபடியே சின்னச் சின்னக் குதியலாக ஒரு பத்து மீட்டர் போங்கள்.

மண் சரிந்து ஆள் புதைந்தால் பக்கெட்டால் தோண்டி எடுக்கப் பார்க்காதீர்கள். எஞ்சினை நிறுத்துங்கள், அதிர்வே மீதி மண்ணைச் சரித்துவிடும். விளிம்பில் கூட்டம் சேரவிடாதீர்கள். 108-க்கும் தீயணைப்பு நிலையத்துக்கும் சொல்லிவிட்டு, மண்வெட்டியாலும் கையாலும் முகத்தைச் சுற்றி முதலில் விலக்குங்கள். மேலே நின்று சுவரைக் கண்காணிக்க ஒருவர் வேண்டும்.

பயந்து ஊரை விட்டு ஓடிவிடுவது நம் பக்கத்தில் வழக்கமாக நடக்கிறது. ஓடினால் உங்கள் தரப்பைச் சொல்ல யாரும் இருக்க மாட்டார்கள். அடிபட்டவரை ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டு, கூட்டம் அடிக்க வரும் என்று தோன்றினால் நேராகக் காவல் நிலையத்துக்குப் போய் நீங்களே தகவல் கொடுங்கள்.

11. நல வாரியமும் நாட்குறிப்பும்

தமிழ்நாடு கட்டுமானத் தொழிலாளர்கள் நல வாரியத்தில் 18 முதல் 60 வயது வரை பதியலாம். பதிவுக்குக் கட்டணம் இல்லை. ஆதார், குடும்ப அட்டை, வங்கிப் புத்தகம், புகைப்படம், நீங்கள் இந்தத் தொழில் செய்கிறீர்கள் என்பதற்கான சான்று இவற்றோடு தொழிலாளர் துறையின் இணையதளத்திலோ இ-சேவை மையத்திலோ விண்ணப்பிக்கலாம். விபத்து உதவி, பிள்ளைகளின் படிப்பு உதவி, ஓய்வூதியம் எல்லாம் இந்த அட்டை வழியாகத்தான் வரும். ஐந்து ஆண்டுக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும். காலாவதியான அட்டையோடு உதவி கேட்டுப் போய்த் திரும்பியவர்களை நான் பார்த்திருக்கிறேன். புதுப்பிக்கும் தேதியைக் கைபேசியில் போட்டு வையுங்கள்.

ஒரு நோட்டு வாங்கி தினமும் எழுதுங்கள்: தேதி, இடம், எஞ்சின் ஓடிய மணிக் கணக்கைக் காட்டும் மணிமானியில் தொடங்கிய எண், முடிந்த எண், போட்ட டீசல், பழுது எதுவும் கண்டால் அதை முதலாளியிடம் சொன்ன நேரம். டயர் வண்டி மணிக்கு நான்கு முதல் ஆறு லிட்டர் டீசல் குடிக்கும். கணக்கு எழுதியிருந்தால் டீசல் பழி உங்கள் மேல் வராது. பிரேக் சரியில்லை என்று நீங்கள் சொன்ன செய்தி தேதியோடு இருந்தால் வழக்கிலும் அது பேசும். வேலை முடிந்ததும் பக்கெட்டுகளைத் தரையில் இறக்கி, ஹேண்ட் பிரேக் போட்டு, எஞ்சினைச் சில நிமிடம் மெதுவாக ஓடவிட்டு அணைத்து, லீவர்களை ஒரு முறை அசைத்து அழுத்தத்தை வெளியேற்றுங்கள். நோட்டில் மணிமானி எண்ணை எழுதிவிட்டுச் சாவியை எடுத்துச் செல்லுங்கள். வேலையிடத்தில் இரவுக் காவலரிடம்கூடச் சாவியைக் கொடுக்க வேண்டாம்.